மெட்டில்டா பிடித்த கயிறு

எழுபத்தைந்தாம் வருடம் ஆனி மாதத்தில், தூத்துக்குடிக்காரி ஒருத்தி புருஷன் இடுப்பில் கயிற்றைக் கட்டி, மோட்டார் சைக்கிளில் பின்னால் உட்கார்ந்து அவனை ஓட்டிக்கொண்டு போனாள் என்று ஒரு கதை ஊரில் இன்னும் உலவுகிறது. சொல்லுகிறவர்களுக்கு வாய் கொஞ்சம் நீளம். வண்டிமாட்டை ஓட்டுவது போல ஓட்டினாளாம், சாட்டை ஒன்றுதான் குறைச்சலாம். சாட்டையும் கிடையாது, ஒரு மண்ணும் கிடையாது. கயிறு உண்டு, அது நிஜம். ஒரு முனை சிலுவையின் இடுப்பில், மறு முனை மெட்டில்டாவின் வலது கையில். அது ஏன் அங்கே இருந்தது என்று தெரியாமல் சிரித்தவர்கள்தான் அதிகம். அதனால் தெரிந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

சிலுவை முத்துக்குளிக்கிற வீட்டுப் பிள்ளை. அறுபத்தொன்றில் நடந்த கடைசி முத்துச் சலாபத்தில், எட்டுப் பாகம், நாற்பத்தெட்டு அடி ஆழத்தில், இரண்டு காதுச் சவ்வும் கிழிந்து ரத்தம் வர மேலே வந்தவன். அவனை மேலே இழுத்தவன் மெட்டில்டாவின் தம்பி இனிகோ. அது தற்செயல் கிடையாது. கடலுக்குள் இறங்குகிறவன் தன் கயிற்றைக் கண்டவன் கையில் கொடுக்கமாட்டான். சொந்த அண்ணன் தம்பிக்குக்கூடக் கொடுப்பதில்லை. பெண்டாட்டியின் கூடப்பிறந்தவனிடம்தான் கொடுப்பான். கயிற்றை விட்டால் தன் அக்காள் தாலியல்லவா போகும், அவன் எப்படி விடுவான்? அந்தக் கணக்கில் வந்த வழக்கம். பெண்கள் அந்தக் கயிற்றைத் தொடக்கூடாது, தாண்டக்கூடாது. மெட்டில்டா வீட்டில் அது குசினி அடுப்படிக்கு வெளியே ஆணியில் தொங்கும். பெருக்கும்போதுகூட விளக்குமாறு படாமல் சுற்றிப் பெருக்குவாள்.

காது போனவனைக் கடல் உள்ளே சேர்க்காது. சிலுவை லாஞ்சுகளில் எஞ்சின் வேலைக்குப் போனான். செவிடனுக்கு எஞ்சின் என்ன தெரியும் என்று கேட்டவர்கள் அவன் வேலை செய்வதைப் பார்த்ததில்லை. ஒரு வேப்பங்குச்சியை எஞ்சினில் ஊன்றி மறு முனையைப் பல்லில் கடித்துக்கொள்வான். கண்ணை மூடுவான். வால்வு எங்கே தட்டுகிறது, பேரிங் எங்கே தேய்ந்திருக்கிறது, எல்லாம் பல் வழியாக மண்டைக்குள் போய்விடும். பன்னிரண்டு வருடம் ஒரே லாஞ்சில் அப்படி ஓட்டினான். கப்பலிலிருந்து சரக்கு இறக்கும் வழியில் ஒரு நாள்கூட அது நின்றதில்லை. பிறகு லாஞ்சு கைமாறியது. புது முதலாளி வந்து பார்த்தார். "காது கேக்காதவன் எஞ்சின் பக்கத்துல நிக்கப்படாது" என்றார். அவ்வளவுதான், வீட்டுக்கு வந்துவிட்டான்.

அதற்கப்புறம் இரண்டு வருடம் தெருவில் உள்ள மண்ணெண்ணெய் ஸ்டவ்களையும் தையல் மெஷின்களையும் பிரித்துப் பூட்டிக்கொண்டிருந்தான். மெட்டில்டா விடியற்காலையில் ஆப்பம் சுட்டு விற்றாள். அவளுக்கு அதில் கஷ்டமில்லை. குழாயடியில் அதே தெருக்காரி இசபெல்லா ஒரு நாள், "ஏளா, ஒன் மாப்பிள்ளை இப்ப ஸ்டவ் மெக்கானிக்காமே?" என்று கேட்டாள் பாருங்கள், அன்றைக்குத்தான் மெட்டில்டாவுக்கு வயிறு எரிந்தது. அவள் குடத்தை நிரப்பாமலே திரும்பி வந்தாள்.

இந்த நேரத்தில்தான் மாப்பிள்ளையூரணி சுந்தரராஜ் வந்து சேர்ந்தார். உப்பளக்காரர், முப்பது வயது இருக்கும். அவருடைய பம்பு எஞ்சின் ஒன்று மக்கர் பண்ணியபோது சிலுவை போய்க் குச்சியைக் கடித்துக் கால் மணி நேரத்தில் ஓட வைத்திருந்தான். அதை அவர் மறக்கவில்லை. அவருடைய அப்பா, உலகச் சண்டை முடிந்த வருடம் பட்டாளத்து ஏலத்தில் ஒரு பி.எஸ்.ஏ. மோட்டார் சைக்கிள் எடுத்திருந்தார். இங்கிலீஷ் வண்டி, ஒற்றை சிலிண்டர், ஐந்நூறு சி.சி. அப்பா செத்த பிறகு உப்புக் குடோனில் பத்து வருடம் சாய்ந்தே கிடந்தது. பெரிய கடைத்தெருவில் ஒர்க்‌ஷாப் வைத்திருந்த ஹென்றி அதைப் பார்த்துவிட்டுக் கையை உதறினான். "அண்ணாச்சி, உப்பு தின்ன இரும்பு இது. எடைக்குப் போடுங்க."

எடைக்குப் போட சுந்தரராஜுக்கு மனசு வரவில்லை. மாட்டு வண்டியில் ஏற்றிச் சிலுவை வீட்டு வாசலில் இறக்கிவிட்டார்.

ஐந்து மாதம் ஆயிற்று. துருவேறி இறுகிப்போன பிஸ்டனை எடுத்துவிட்டு, சிலிண்டருக்கு மதுரையில் போரிங் போட்டுப் புது பிஸ்டனும் ரிங்கும் இறக்கினான். தீப்பொறி கொடுக்கிற மேக்னெட்டோவுக்குக் கம்பி சுற்றக் கொடுத்து வாங்கினான். இரண்டு வால்வையும் உட்கார்ந்து அரைத்தான். பெட்ரோல் டேங்குக்குள் அப்பிக் கிடந்த துருவை எடுத்தது மெட்டில்டா. புளியைக் கரைத்து ஊற்றி, கூழாங்கல்லைப் போட்டு, டேங்கை மடியில் வைத்து மூன்று நாள் குலுக்கினாள். தோள்பட்டை இரண்டும் விட்டுப்போயிற்று. நான்காம் நாள் சிலுவை உள்ளே டார்ச் அடித்துப் பார்த்து, "ஏளா, கோயில் பாத்திரம் கெட்டுது போ!" என்று கத்தினான். செவிடன் பேச்சு எப்போதும் சத்தம்தான். தெரு முழுக்கக் கேட்டது. கேட்கட்டும் என்றிருந்தது அவளுக்கு.

ஆனி பிறந்ததும் சுந்தரராஜ் வந்து நிபந்தனை வைத்தார். சிலுவைக்கு வாயசைவு புரியும்படி முகத்துக்கு நேரே நின்று நிதானமாகச் சொன்னார்.

"வாற சனிக்கிழமை நான் காருல பின்னால வாரேன். எங்க குடோன்லருந்து திருச்செந்தூர் போயி, திரும்பக் குடோனுக்கு வரணும். நடுவுல ஒரு கால் தரையில படப்படாது. வந்துட்டீருன்னா என் ஆறு பம்பு எஞ்சினும் இனிமே உம்ம பொறுப்பு, ஊரறிய நானே சொல்லுவேன். வரலேன்னா மனசுல வச்சுக்கிடாதீரும், வண்டி எடைக்குப் போயிரும். ஒமக்கு வேணா உப்பு அள்ளுத வேலை தாரேன்."

உப்பு அள்ளுவது கேவலமான வேலை கிடையாது. மெட்டில்டாவின் அப்பாவே அள்ளியவர்தான். ஆனால் எஞ்சினுக்காகப் பிறந்த கை அது. அந்தக் கையில் உப்புக் கூடையைக் கொடுத்துப் பார்ப்பதை நினைக்கவே அவளுக்கு ஆகவில்லை.

வண்டி ஓடியது, ஓடாமலில்லை. நின்ற இடத்தில் குச்சியைக் கடித்து அவன் எல்லாவற்றையும் சரிபார்த்துவிடுவான். ஓடும்போது என்ன செய்வான்? இரண்டு கையும் ஹேண்டில்பாரில் இருக்கும். அப்போது எஞ்சின் தட்டினாலும் திணறினாலும் அவனுக்குக் கேட்காது. கேட்கிறவன் ஒருத்தன் பின்னால் உட்கார்ந்து சொல்ல வேண்டும். காற்றில் தோளைத் தட்டினால் பள்ளத்தில் குதித்த அதிர்ச்சியா, தட்டலா என்று தெரியாது. யோசித்துப் பார்த்து ஆணியில் தொங்கிய கயிற்றை எடுத்தான். இடுப்பில் கட்டி மறு முனையைப் பின்னால் இருப்பவன் பிடித்துக்கொள்வது. ஒரு இழுப்பு என்றால் முறுக்கு. இரண்டு இழுப்பு என்றால் குறை. விடாமல் இழுத்தால் நிறுத்து. இருபது வருடம் பழகிய உடம்பு, கயிறு இழுத்தால் தூக்கத்தில்கூடப் புரியும்.

எல்லாம் சரி, பிடிக்க வேண்டிய இனிகோ கொழும்புக்குத் தோணியில் போயிருந்தான். ஆடிக்கு முன்னால் வரமாட்டான்.

"ஹென்றி பட்டறையில ஒரு ஆளக் கேட்டுப் பாக்கட்டுமா?" என்றாள் மெட்டில்டா, கையால் சைகை காட்டி.

"ஊரான் கையில என் கயித்தக் கொடுக்கவா?" என்று கேட்டுவிட்டு அவன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு முனையை நீட்டினான். "புடி."

"நான் தொடப்படாதுல்லா."

"கடல்லதானே தொடப்படாது. இது ரோடு. புடிளா."

மெட்டில்டா நெற்றியில் சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டு வாங்கினாள். பத்து வருடத்துக்கும் மேலாகச் சுற்றிச் சுற்றிப் பெருக்கிய கயிறு. கையில் எடுத்தால் சாதாரணக் கயிறுதான், கொஞ்சம் உப்புப் பூத்திருந்தது.

தெருவுக்குக் கேட்கவா வேண்டும்? "சிலுவையப் புடிச்சுக் கட்டியாச்சு, இனி எங்கன போவான்!" என்றார்கள். "ஏளா மெட்டில்டா, தண்ணி காட்டினியா?" என்றாள் இசபெல்லா. சிலுவைக்கு ஒன்றும் கேட்காது, சிரித்த முகத்தோடு எல்லோருக்கும் கையை ஆட்டினான். கேட்டதெல்லாம் அவளுக்குத்தான். காது சிவந்துபோயிற்று. ஆனாலும் கயிற்றை விடவில்லை.

முதல் இரண்டு நாள் துறைமுகத்து ரோட்டிலேயே சுற்றினார்கள். அவளுக்கு எஞ்சின் சத்தம் பிடிபட அவ்வளவு நேரம் போதுமாயிருந்தது. ஆப்பச்சட்டியில் மாவு விழும் சத்தத்தை வைத்தே சூடு சொல்லுகிறவள் அவள். நிதானமாக ஓடினால் 'தும் தும்' என்று வயிற்றுக்குள் கேட்கும். திணறினால் நடுவில் ஒரு இருமல் வரும். ஒவ்வொரு ஓட்டம் முடிந்ததும் சிலுவை பிளக்கைக் கழற்றி வெயிலில் காட்டுவான். நுனி கரியாக இருந்தால் பெட்ரோல் அதிகம், வெள்ளையாக இருந்தால் சூடு அதிகம். கருப்பட்டி நிறத்தில் இருக்க வேண்டும். கார்புரேட்டரைத் திறந்து ஊசியை ஒரு பள்ளம் ஏற்றுவான், இறக்குவான். மறுபடி ஓட்டம். திங்கட்கிழமை சாயங்காலம் பிளக் அசல் உடன்குடிக் கருப்பட்டியாக வந்தது. அவனுக்கு வாயெல்லாம் பல்.

செவ்வாய்க்கிழமை திருச்செந்தூருக்கு ஒரு முழு ஒத்திகை போனார்கள். ஆனி மாதத்துக் கச்சான் காற்று தென்மேற்கிலிருந்து அடி அடியென்று அடித்துக்கொண்டிருந்தது. போகிற வழியெல்லாம் எதிர்காற்று. மெட்டில்டாவின் முந்தானை பறந்து முகத்திலேயே அறைந்தது. புது ரிங்கு என்பதால் இருபத்தைந்து மைலுக்கு மேல் சிலுவை முறுக்கவில்லை. பழையகாயல், முக்காணிப் பாலம், ஆத்தூர், ஆறுமுகநேரி எல்லாம் தாண்டி, எதிர்காற்றில் வண்டி பாடிக்கொண்டே போய்ச் சேர்ந்தது. திருச்செந்தூரில் திரும்பி வட்டம் அடித்தபோது சிலுவை தலையைப் பின்னால் சாய்த்துக் கத்தினான்.

"இனி பாரு! காத்து முதுகுக்கு வந்தாச்சு! பாய் விரிச்ச மாதிரிதான்!"

ஆத்தூர் வருவதற்குள் சத்தம் மாறியது. 'தும் தும்' என்பதற்குள் 'கிணுகிணு' என்று சில்லறை குலுக்குவது போல ஒன்று புகுந்தது. மெட்டில்டா இரண்டு முறை இழுத்தாள். குறைத்தான். சத்தம் போகவில்லை. முக்காணி தாண்டி வண்டி மூச்சு முட்டி, பழையகாயல் உப்பளத்துப் பக்கம் அப்படியே இறுகி நின்றுவிட்டது. எஞ்சின் பக்கத்தில் காலை வைக்க முடியவில்லை, அத்தனை சூடு. அரை மணி நேரம் ஆறவிட்டபின் கிளம்பியது. மூன்று மைல் போய் மறுபடியும் நின்றது. வீடு வந்தபோது விளக்கு வைத்தாயிற்று. பிளக் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது.

பெட்ரோல் போதவில்லை என்று நினைத்து கார்புரேட்டருக்குள் பெட்ரோல் விடுகிற ஜெட்டின் துளையைக் கொஞ்சம் பெரிதாக்கினான். புதன்கிழமை போகும்போது வண்டி கரும்புகை கக்கியது. வரும்போது? அதே ஆத்தூர், அதே கிணுகிணு, அதே பழையகாயலில் நின்றது. போகும்போது கரியாக இருந்த பிளக் வரும்போது வெள்ளை. ஒரே வண்டி, ஒரே ரோடு, ஒரே பெட்ரோல். அவனுக்கு ஒன்றும் பிடிபடவில்லை.

ஸ்பேனரை மணலில் எறிந்துவிட்டு ரோட்டோரம் உட்கார்ந்தான். வழக்கத்துக்கு மாறாக மெதுவாகச் சொன்னான்.

"அந்த லாஞ்சு மொதலாளி சொன்னது சரிதாம்ளா. காதில்லாதவனுக்கு இது ஆகாது. சுந்தரராஜ் அண்ணாச்சிகிட்ட நீயே போயிச் சொல்லிரு. எனக்கு மூஞ்சில முழிக்க வெக்கமாருக்கு."

அவன் மெதுவாகப் பேசி அவள் கேட்டதே இல்லை. மெட்டில்டாவுக்கு அழுகையும் வந்தது, கோபமும் வந்தது. முந்தானையால் கழுத்தைத் துடைத்தாள். முந்தானை நனைந்து சொட்டியது. முதுகும் அப்படித்தான். அப்போதுதான் பின்னங்கழுத்தில் காற்று வந்து மோதிச் சிலுசிலு என்றது.

இதென்ன கூத்து என்று நினைத்தாள். ஓடுகிற வண்டியில் உட்கார்ந்திருந்தபோது வேர்த்துக் கொட்டியது. நின்ற பிறகு காற்று வருகிறது. ஓடும்போது அல்லவா காற்று அடிக்க வேண்டும்? போகும்போது முந்தானையைப் பிடித்து நிறுத்த முடியவில்லை. வரும்போது அது மடியில் கிடந்தது, ஒரு நூல் அசையவில்லை.

அவன் முகத்தைத் திருப்பித் தன் வாயைப் பார்க்க வைத்தாள். "இந்தாங்க, போகையில எனக்கு வேர்க்கல. வரையில வேர்த்து ஊத்துது. காத்து நம்ம கூடவே வருது. நாமளும் இருபத்தஞ்சு, அதுவும் இருபத்தஞ்சு. மேல படவே இல்ல."

சிலுவை அவள் வாயைப் பார்த்தான். "திருப்பிச் சொல்லு" என்றான். திருப்பிச் சொன்னாள். "எனக்கே இப்படின்னா அடுப்பு மாதிரி எரியுத எஞ்சினுக்கு எப்படி இருக்கும்?" என்றும் கேட்டாள்.

அவன் நெற்றியில் படீரென்று அடித்துக்கொண்டு சிரித்த சிரிப்பில் உப்பளத்தில் நின்ற கொக்கெல்லாம் பறந்தன.

"லாஞ்சு எஞ்சினுக்குள்ள கடல்தண்ணி ஓடும்ளா! சூட்டையெல்லாம் அது அள்ளிட்டுப் போயிரும். இந்தப் பயலுக்குத் தண்ணி ஏது? இவனுக்குக் காத்துதாம்ளா தண்ணி! கடல்காரப் புத்தி, காத்து முதுகுல அடிச்சாக் கொண்டாட்டம்னு நான் சவுகரியமா அது கூடவே வாரேன்!"

தோணியிலும் வள்ளத்திலும் பிறந்து வளர்ந்தவன் மட்டுமே செய்யக்கூடிய தப்பு அது. பின்காற்றைக் கண்டால் அவன் தலைமுறையில் யாரும் அவசரப்பட்டதில்லை. காட்டில் உழுகிற விளாத்திகுளத்துச் சம்சாரி ஒருவன் அந்த வண்டியை ஓட்டியிருந்தால் காற்று எந்தப் பக்கம் என்றே பார்க்காமல் விரட்டியிருப்பான்.

வியாழக்கிழமை ஜெட்டை மாற்றி, பழைய அளவுக்கும் புது அளவுக்கும் நடுவில் வைத்தான். ஊசியை ஒரு பள்ளம் ஏற்றினான். ரிங்கும் இதற்குள் ஓடிப் பழகியிருந்தது. கயிற்றுக்கும் புதிதாக ஒரு சட்டம் சேர்ந்தது. திரும்பி வரும்போது மெட்டில்டா தலையில் முக்காடு போடக்கூடாது. கன்னத்தில் காற்று படுகிறதா என்று மட்டும் பார்க்க வேண்டும். காற்று நின்றால் உடனே ஒரு இழுப்பு, அவன் முறுக்குவான். கச்சானை முந்திக்கொண்டே இருக்க வேண்டும். ஆத்தூரிலிருந்து ஓட்டிப் பார்த்தார்கள். நாற்பதைத் தொட்டதும் அவள் கன்னம் குளிர்ந்தது, கிணுகிணு நின்றது. வீட்டில் வந்து பிளக்கைக் கழற்றினால் கருப்பட்டி. அன்றைக்கு அவன் அந்தப் பிளக்கை மாதா படத்துக்கு முன்னால் வைத்துவிட்டுத்தான் சாப்பிட்டான்.

சனிக்கிழமை காலையில் உப்புக் குடோன் வாசலில் ஒரு கூட்டம். சுந்தரராஜ் தன் பழைய காரில் வந்திருந்தார். ஓட்டிவந்தது யார் என்றால் ஹென்றி. வேடிக்கை பார்க்கத் தானே கேட்டு வந்திருந்தான்.

"வே சிலுவை, பிரேக்கு எங்கன, பொண்டாட்டி கையிலயா?" என்றான்.

சிலுவை அவன் வாயைப் பார்த்துப் புரிந்துகொண்டான். "ஆமாவே. ஒமக்கு அந்தக் கொடுப்பினை இல்ல" என்று கத்தினான். குடோனே சிரித்தது.

ஒரே உதையில் வண்டி எழுந்தது. போகிற பாதி பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. எதிர்காற்றில் பாடிக்கொண்டே போயிற்று. முக்காணிப் பாலத்தில் எதிரே ஏழெட்டு மாட்டுவண்டிகள் வந்தபோது கால் ஊன்றாமல் நெளிந்து நெளிந்து போக வேண்டியிருந்தது. மெட்டில்டா கண்ணை மூடிக்கொண்டு 'அருள் நிறைந்த மரியே' சொன்னாள். திருச்செந்தூர் போய்த் திரும்பினார்கள். கார் முந்நூறு கஜம் பின்னால் வந்தது.

காற்று முதுகுக்கு வந்தது. அவள் முக்காட்டை இறக்கினாள். கன்னத்தில் ஒன்றும் படவில்லை. ஒரு இழுப்பு. முப்பத்தைந்து. இன்னும் ஒன்று. நாற்பது. கன்னம் குளிர்ந்தது. ஆறுமுகநேரி போயிற்று. ஆத்தூர் வந்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். 'தும் தும் தும்.' அதில் வேறு ஒரு சத்தமும் இல்லை. மாதாவே, என் கையில் ஓடுகிறது இந்த வண்டி என்று நினைத்தாள். அவளுக்கு அப்படி ஒரு பெருமை கல்யாணத்தன்றுகூட வந்ததில்லை.

பழையகாயலில், இரண்டு நாள் நின்ற அதே இடத்தைத் தாண்டும்போது திரும்பிப் பார்த்தாள். கார் இல்லை. காரில்லாமல் குடோனுக்குப் போய் என்ன புண்ணியம்? பார்க்க வேண்டியவர் அதிலல்லவா இருக்கிறார்? அவன் வலது தோளை அழுத்தித் திரும்பச் சொன்னாள். கால் ஊன்றாமல் வட்டம் அடித்து ஒரு மைல் எதிர்காற்றில் போனார்கள். ரோட்டு நடுவில் கார் நின்றது. முன்னாலிருந்து ஆவி புஸ்ஸென்று எழுந்துகொண்டிருந்தது. பழைய கார், விரட்டக்கூடாது என்று ஹென்றி ஆத்தூரிலிருந்து இருபத்தைந்திலேயே ஓட்டி வந்திருக்கிறான். அவனும் கடற்கரைக்காரன்தானே! பின்காற்று அவனுக்கும் சவுகரியமாகத்தான் இருந்திருக்கிறது.

சிலுவை நிறுத்தவில்லை. காரைச் சுற்றி வட்டம் போட ஆரம்பித்தான். மெட்டில்டா கத்தினாள்.

"ஹென்றி அண்ணே! தண்ணி மூடியத் தொறந்துராதீங்க, கை வெந்துரும்! காத்துக்கு மூஞ்சியத் திருப்பி நிறுத்துங்க!"

மூடியில் துணியைச் சுற்றிக்கொண்டிருந்த ஹென்றி திரும்பிப் பார்த்தான். "சொல்லுதாள்லா, செய்யும்!" என்று சுந்தரராஜ் அதட்டினார். இருவரும் தள்ளிக் காரைத் தென்மேற்குப் பக்கமாகத் திருப்பினார்கள். ஆவி மெல்லத் தணிந்தது. அது ஆறுகிற வரைக்கும் வண்டி சுற்றிக்கொண்டே இருந்தது. பாதி வட்டம் எதிர்காற்று, பாதி வட்டம் பின்காற்று. மெதுவாக ஓட்டினால் முக்கும், திணறும் என்பார்கள். அதுவோ ஒரு இருமல் இருமவில்லை. பதினைந்து சுற்று வரை மெட்டில்டா எண்ணினாள், அதற்குமேல் விட்டுவிட்டாள்.

சுந்தரராஜுக்கு மனசு இளகிவிட்டது. இரண்டு கையையும் தூக்கினார். "போதும்வே சிலுவை! ஒத்துக்கிட்டேன்! பம்பு ஆறும் உமக்குத்தான், இறங்கும்! ஏம்மா, நிறுத்தச் சொல்லு!"

சிலுவைக்குக் கேட்கவில்லை. வட்டம் போடுகிறவன் ரோட்டைத்தான் பார்ப்பான். மெட்டில்டாவுக்கு நன்றாகக் கேட்டது. கயிறு அவள் கையில்தான் இருந்தது. விடாமல் ஒரு இழுப்பு இழுத்தால் நின்றுவிடும். அவள் இழுக்கவில்லை. கார் வழியில் அவிந்துபோனதற்காக விட்டுக்கொடுத்த வெற்றி என்று நாளைக்கு எவனாவது சொல்லுவான். குழாயடியில் அதை அவள் கேட்க வேண்டியிருக்கும்.

"குடோனுக்கு வாங்க அண்ணாச்சி, அங்கன இறங்குதோம்!" என்று சொல்லிவிட்டு ஒரு இழுப்பு இழுத்தாள். சிலுவை முறுக்கினான்.

மாப்பிள்ளையூரணியில் குடோன் வாசலில் கால் ஊன்றியபோது மணி பன்னிரண்டரை. கார் வர இன்னும் முக்கால் மணி நேரம் ஆயிற்று. சுந்தரராஜ் இறங்கியதும் முதலில் டேங்கைத் தடவினார், அப்பாவை நினைத்துக்கொண்டாரோ என்னவோ, கண் கலங்கியிருந்தது. பிறகு கூட்டத்தின் நடுவில் நின்று சொன்னார். "என் எஞ்சின் எல்லாம் இன்னையிலருந்து சிலுவை பொறுப்பு. யாருக்காவது சந்தேகம் இருந்தா ஹென்றியக் கேட்டுக்கிடுங்க." ஹென்றியும் நல்லவன்தான். வந்து பிளக்கைக் கழற்றிப் பார்த்தான், நிறத்தைப் பார்த்தான், சிலுவையின் கையைப் பிடித்துக் குலுக்கினான்.

ஆடி மாதம், மாதா கோயில் கொடியேறுகிற சமயத்தில் இனிகோ கொழும்பிலிருந்து வந்து சேர்ந்தான். அப்போது சிலுவை வீட்டு வாசலில் விளாத்திகுளத்துக்காரர் ஒருவரின் இங்கிலீஷ் வண்டி ஓட்டம் பார்க்கத் தயாராக நின்றது. சங்கதி எல்லாம் தோணி கரை சேரும்போதே இனிகோ காதுக்கு வந்துவிட்டது. வந்தவன் சிரித்துக்கொண்டே கையை நீட்டினான்.

"ஏக்கா, நீ பட்டதெல்லாம் போதும். தெருவெல்லாம் சிரிக்கானுவ. கயிறு என் சொத்துல்லா, கொண்டா இங்க. அத்தானுக்கு நான் புடிக்கேன்."

வழக்கம் அதுதான், மெட்டில்டாவுக்குத் தெரியும். அவன்தான் மச்சினன். அவன்தான் எட்டுப் பாகத்திலிருந்து தன் புருஷனை உயிரோடு இழுத்தவன். குசினி வாசலில் காலியாக இருந்த ஆணியை ஒரு பார்வை பார்த்துவிட்டு ஒதுங்கி நின்றாள்.

சிலுவை இடுப்பில் கயிற்றை முடிந்துகொண்டு நிமிர்ந்தான். எதிரே நீட்டிய கை, தள்ளி நின்ற பெண்டாட்டி, இரண்டையும் பார்த்தான். நடந்த பேச்சு அவனுக்குக் கேட்டிருக்காது. கேட்க வேண்டிய அவசியமும் இல்லை. மச்சினனின் கையைப் பிடித்து முத்தமிட்டான். பிறகு அவனைத் தாண்டிப் போய், கயிற்றின் முனையை மெட்டில்டா கையில் வைத்து அவள் விரல்களை மடக்கினான்.

"நீ அன்னைக்கு எனக்கு உயிரக் கொடுத்தே மாப்ளே" என்று தெருக்கோடி வரை கேட்கும்படி கத்தினான். "காதக் கொடுத்தது இவ!"

குழாயடியில் குடத்தோடு நின்ற இசபெல்லா உட்பட ஒருத்தரும் சிரிக்கவில்லை. மெட்டில்டா முந்தானையை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டு, தம்பி பார்க்க வண்டியில் ஏறி உட்கார்ந்து, கயிற்றை ஒரு இழுப்பு இழுத்தாள்.